சீதன வீடும் என் வரி விவரத்திரட்டும்

என்னுடைய முதலாவது வருமான வரி விவரத்திரட்டை நானே நிரப்பினேன். அதிலிருந்த பிழையும் என்னுடையதுதான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் பல வாரங்களாக நான் வேறு விதமாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

கல்லூரியொன்றில் ஆங்கிலம் படிப்பித்து ஓய்வு பெற்ற பின், சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளராகப் பதிந்துகொண்டேன். யாழ்ப்பாணத்துக்குக் கிட்ட, கோப்பாயில் நாங்கள் இருக்கும் வீட்டின் முன்னறைதான் அலுவலகம். ஒரு மேசை, ஒரு கணினி, அச்சுப்பொறி, என் பெயர் வெட்டிய இறப்பர் முத்திரை. முதலாளியும் நான், வேலைக்காரனும் நான். வெளிநாடு போக அலுவல் பார்க்கிறவர்கள் பிறப்புச் சான்றிதழ், விவாகச் சான்றிதழ், காணி யாருடையது என்று காட்டும் உறுதி என்று கொண்டுவருவார்கள். ஆங்கிலத்தில் பெயர்த்து, கையெழுத்து வைத்து, முத்திரை குத்திக் கொடுப்பேன்.

பிறப்புச் சான்றிதழை எவரும் பெயர்த்துவிடலாம். உறுதி அப்படியல்ல. பழைய நொத்தாரிசுமார் எழுதிய ஒரே வசனம் முற்றுப்புள்ளி இல்லாமல் இரண்டு பக்கத்துக்கு ஓடும். யார் கொடுத்தது, யாருக்குக் கொடுத்தது, கிணற்றில் எவ்வளவு பங்கு, வழி எந்தப் பக்கத்தால் போகிறது என்று அதற்குள்ளிருந்து பிரித்தெடுக்க ஆள் வேண்டும். அந்த வேலையில் என்னை விடத் திறமான ஆள் வலிகாமத்தில் இல்லை என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். அதனால்தான் இது எனக்குக் கூடுதலான வெட்கம்.

வெளிநாட்டிலிருந்தும் வேலை வரத் தொடங்கிய பிறகு வங்கியில் வரி இலக்கம் கேட்டார்கள். இலக்கம் எடுத்தவுடன் விவரத்திரட்டு அனுப்ப வேண்டும் என்றார்கள். தெரிந்தவர்கள் எல்லோரும் கணக்காளர் ஒருவரைப் பிடிக்கச் சொன்னார்கள். நான் கேட்கவில்லை. இலக்கணம் படிப்பித்தவனுக்கு ஒரு படிவம் என்ன பெரிய விசயம் என்பது என் எண்ணம். உண்மையில் பெரும்பகுதி பெரிய விசயமாக இருக்கவுமில்லை. சித்திரையிலிருந்து பங்குனி வரை ஒரு வரி ஆண்டு. வந்த காசைக் கூட்டினேன். கடதாசி, மை, இணையம், மின்சாரத்தில் ஒரு பங்கு, மோட்டார் சைக்கிள் பெற்றோல் என்று தொழிலுக்குப் போன செலவைக் கழித்தேன். பற்றுச்சீட்டுகளை ஒரு பிஸ்கட் ரின்னில் போட்டு வைத்திருந்தேன். எல்லாம் ஒழுங்கு.

கடைசிப் பகுதி சொத்துக்களைக் கேட்டது. காணி, வீடு, வாகனம், வங்கிப் பணம், நகை. எனக்கு ஒரு மோட்டார் சைக்கிள் இருந்தது, ஒரு சேமிப்புக் கணக்கு இருந்தது, கலியாண மோதிரம் இருந்தது. காணி, வீடு என்ற இடத்தில் எழுத ஒன்றுமில்லை. நான் அச்சுவேலிக்காரன். தகப்பன் வழியில் எனக்கு வந்திருக்க வேண்டிய தோட்டக்காணியைத் தங்கைமாரின் சீதனத்துக்கு நானே கையெழுத்து வைத்து விட்டுக்கொடுத்தேன். எங்கள் பக்கத்தில் தமையன்மார் செய்வது அதுதான். அதற்காக நான் ஒருநாளும் துக்கப்பட்டதில்லை. ஆனால் வாழ்நாள் முழுதும் உழைத்த மனிதன் அரசாங்கத்துக்குக் கொடுக்கும் கடதாசியில் அந்த இடம் வெறுமையாகக் கிடந்தபோது மனம் ஒப்பவில்லை. கோப்பாய் வீட்டை எழுதினேன். அது எப்படிக் கிடைத்தது என்று கேட்ட இடத்தில் 'குடும்ப வழி' என்று போட்டேன்.

அது என் மனைவியின் சீதன வீடு. கலியாணத்துக்கு முன் மாமனார் தன் மகளின் பேரில் எழுதிக் கொடுத்த உறுதி. எங்கள் யாழ்ப்பாணத்துத் தேசவழமைச் சட்டப்படி சீதனம் பெண்ணுடையது. புருசன் அதில் குடியிருக்கலாம், வேலி அடைக்கலாம், கிணறு இறைக்கலாம். ஆனால் வீடு அவனுடையதாகிவிடாது. இதை மற்றவர்களுக்கு எத்தனையோ தடவை ஆங்கிலத்தில் விளங்கப்படுத்தி எழுதிக் கொடுத்தவன் நான். அந்த வீட்டுக்கு ஓடு மாற்றியது என் சம்பளத்தில், குளியலறை கட்டியது என் சம்பளத்தில். அதனால் எழுதக் கை கூசவில்லை. அப்படி எழுதியதால் எனக்கு ஒரு சதம் இலாபமும் இல்லை, வரியில் கூடுதல் குறைவும் இல்லை. வெறும் பெருமைக்குத்தான் எழுதினேன்.

இணையத்தில் அனுப்புவதற்கு முன், அச்செடுத்த பிரதியோடு யாழ்ப்பாணத்திலுள்ள இறைவரிக் கந்தோருக்குப் போனேன். உதவி மேசையில் ஒரு பெண் அலுவலர் இருந்தார். என் மகளை விட வயது குறைவு. பக்கம் பக்கமாகப் பார்த்தார்.

"செலவெல்லாம் வடிவாய்ப் போட்டிருக்கிறியள் சேர். ஆர் செய்து தந்தது?"

"நான்தான் பிள்ளை."

"இவ்வளவு துப்புரவாய் இஞ்சை ஒருத்தரும் கொண்டு வாறேல்லை." பிறகு கடைசிப் பக்கத்துக்கு வந்தார். "வீடு உங்கடை பேரிலையோ சேர்?"

"ஓம்."

"உறுதி உங்கடை பேரிலை இருக்கோ எண்டு கேக்கிறன். இஞ்சை வாற கனபேர் மனிசியின்ரை சீதன வீட்டைத் தங்கடை எண்டு போட்டு விடுகினம். அதுதான்."

"பிள்ளை, உறுதி வாசிக்கிறதுதான் என்ரை தொழில்."

அவர் முகம் சுண்டிப்போனது. "அப்ப சரி சேர். எண்டாலும் ஒருக்கால் திரும்பப் பாத்திட்டு அனுப்புங்கோ. அனுப்பின பிறகு திருத்திறதெண்டால் அலைச்சல்."

நான் திரும்பப் பார்க்கவில்லை. அன்று பின்னேரமே அனுப்பினேன். கட்ட வேண்டிய வரி பெரிதாக இல்லை, அதையும் கட்டினேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து தேவாலய முற்றத்தில் நின்றபோது, இரண்டு ஓய்வு பெற்ற நண்பர்களுக்கு எப்படி நிரப்புவது என்று விரிவுரையே நடத்தினேன். வீட்டைப் போட மறக்காதீர்கள் என்றும் சொன்னேன்.

அந்த நாட்களில்தான் கனடாவில் இருக்கும் எங்கள் ஒரே மகள் வயிற்றில் பிள்ளை தங்கிவிட்டது என்று சொன்னாள். இதற்கு முன் இரண்டு தடவை தங்கவில்லை. இரண்டு தடவையும் மருமகன் வேலைக்குப் போன பிறகு தனியே படுத்துக் கிடந்ததாகச் சொல்லியிருந்தாள். இந்த முறை தாய் பக்கத்தில் வேண்டும் என்றாள். பிள்ளை பிறக்க ஒரு மாதம் முந்தியே மனைவி போய்ச் சேர்வது என்று தீர்மானித்தோம். பிள்ளைப்பெற்ற உடம்புக்கு நொச்சி இலை அவித்து வேது பிடித்துக் குளிக்க வார்க்க வேண்டும், சரக்குக் கறி கொடுக்க வேண்டும். அதை ஆஸ்பத்திரியில் செய்ய மாட்டார்கள். மனைவி அன்றைக்கே மல்லி, மிளகு, வேர்க்கொம்பு, மஞ்சள் என்று எழுதி என்னைச் சந்தைக்கு அனுப்பினாள்.

விசாவுக்குக் கடதாசிகள் சேர்த்தோம். போகிறவர் திரும்பி வருவார் என்று காட்டுவதற்கு அவர் பேரில் இங்கே என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். மனைவிக்கு வீடு இருந்தது. சீதன உறுதியை இரும்புப் பெட்டியிலிருந்து எடுத்துத் தந்தாள். நானே ஆங்கிலத்தில் பெயர்த்தேன். இந்த வீட்டையும் வளவையும் என் மகளுக்கு, அவளுடைய முழு உரிமையாக, சீதனமாகக் கொடுக்கிறேன் என்று மாமனார் சொல்வதை வடிவான ஆங்கிலத்தில் எழுதி முத்திரை குத்தினேன். பயணச் செலவு யார் கொடுப்பது என்று காட்ட என் வரி விவரத்திரட்டின் பிரதியை வைத்தேன். இரண்டையும் ஒரே கட்டில், ஒன்றன் பின் ஒன்றாக, என் கையால் அடுக்கினேன். இரண்டிலும் ஒரே விலாசம். ஒரு இடத்தில் வீடு அவளுடையது, மற்ற இடத்தில் என்னுடையது. பிறர் எழுதிய உறுதியில் காற்புள்ளி மாறினாலும் பிடிக்கிற கண் அன்று பிடிக்கவில்லை.

விசா மறுத்துவிட்டார்கள். வந்த கடிதத்தில் பொதுவான காரணங்கள்தான் இருந்தன. மகள் அங்கிருந்து எழுதிப் போட்டு, விசாவை மறுத்த அதிகாரியின் குறிப்பை எடுப்பித்தாள். அது வந்த அன்று தொலைபேசியில் கூப்பிட்டாள். மனைவி பக்கத்தில் இருந்ததால் சத்தத்தைக் கூட்டி வைத்திருந்தேன்.

"அப்பா, அவை எழுதினதை வாசிக்கிறன், கேளுங்கோ. அம்மா தன்ரை எண்டு காட்டின வீட்டை, புருசன் வரிக் கடதாசியிலை தன்ரை எண்டு காட்டியிருக்கிறாராம். ஆவணங்களை நம்ப ஏலாதாம்." பிறகு கேட்டாள்: "அப்பா, வீடு ஆற்றை?"

"அம்மான்ரை."

"அப்ப ஏன் உங்கடை எண்டு கிடக்கு?"

மனைவி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உது கந்தோரிலை இருக்கிற பெட்டை மாறி அடிச்சுப் போட்டாள்," என்றேன். "நான் போய்த் திருத்துவிக்கிறன்."

நினைத்துச் சொன்னதல்ல, வாயிலிருந்து விழுந்தது. ஆனால் விழுந்ததை எடுத்துக்கொள்ளவும் இல்லை. மகள் நம்பினாள். "எங்கடை ஆக்களுக்கு ஒரு வேலை ஒழுங்காய்ச் செய்யத் தெரியாது," என்று அந்த அலுவலரைத் திட்டினாள். நானும் ஓம் ஓம் என்றேன்.

பிழையைத் திருத்துவது கடினமல்ல. கந்தோருக்குப் போய், வீடு என்னுடையதல்ல என்று சொல்லி, திருத்திய விவரத்திரட்டு ஒன்றைக் கொடுத்தால் போதும். அடுத்த நாளே போயிருக்கலாம். போனேன், வாசல் வரைக்கும் போனேன். கண்ணாடிக்குள்ளால் அதே அலுவலர் அதே மேசையில் இருப்பது தெரிந்தது. நான் அன்றைக்கே கேட்டேன் அல்லவா என்று அவர் சொல்வார். சொல்லாவிட்டாலும் நினைப்பார். திரும்பி நடந்து, பஸ் நிலையத்துக்குக் கிட்ட ஒரு கூல்பாரில் சர்பத் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

"திருத்தியாச்சோ?" என்று மனைவி கேட்டாள்.

"கொம்பியூட்டர் வேலை செய்யேல்லையாம். வேறை நாள் வரட்டாம்."

அடுத்த கிழமை பொறுப்பானவர் லீவு என்றேன். அதற்கடுத்த கிழமை கடிதம் கொழும்புக்குப் போயிருக்கிறது என்றேன். அவள் சரக்கு வறுத்து இடித்து, போத்தல்களில் அடைத்து, வாயைத் துணியால் கட்டி வைத்திருந்தாள். நான் பொய் சொல்லும்போதெல்லாம் அந்தப் போத்தல்கள் சாப்பாட்டு மேசையில் வரிசையாக நின்றன. மகளுக்கு மாதம் ஏறிக்கொண்டிருந்தது. தெரியாமல் செய்தேன் என்று சொல்ல வழியில்லை. ஒவ்வொரு நாள் பிந்தும்போதும் யாருக்கு என்ன நட்டம் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

கடைசியில் ஒரு காலை அவள் சேலை உடுத்து, குடையும் கையுமாக வாசலில் நின்றாள்.

"வெளிக்கிடுங்கோ. நானும் வாறன். உந்தக் கொம்பியூட்டரை நானும் ஒருக்கால் பாப்பம்."

கந்தோரில் அந்த அலுவலருக்கு என்னை ஞாபகம் இருந்தது. எழுந்து மனைவிக்குக் கதிரை போட்டார். மனைவி நேரே விசயத்துக்கு வந்தாள். வீடு தன் பேரில் இருக்கிறது, விவரத்திரட்டில் மாறிக் கிடக்கிறது, எப்போது திருத்தித் தருவீர்கள் என்றாள்.

அலுவலர் கணினியில் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "சேர், நான் அண்டைக்கே கேட்டனான் எல்லோ, உறுதி ஆற்றை பேரிலை எண்டு? நீங்கள் பிறகு வரவேயில்லையே."

"வரேல்லையோ?" என்றாள் மனைவி. "கிழமைக் கிழமை வந்தவர், பிள்ளை. நீங்கள் மாறி அடிச்சுப் போட்டியள் எண்டெல்லோ எனக்குச் சொன்னவர்."

அலுவலர் விசைப்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மேசைக்கு முன்னால் நான் அப்போதுதான் எழுந்து நின்றேன்.

"பிள்ளை, நீர் பிழை விடேல்லை. நான்தான் எழுதினனான். பிறகு உம்மிலை பழி போட்டதும் நான்தான். மன்னிக்கோணும்."

"பரவாயில்லை சேர், இருங்கோ," என்றார். ஆனால் அதன் பிறகு முகத்தைப் பார்த்துக் கதைக்கவில்லை. வேலையை மட்டும் செய்தார். திருத்திய விவரத்திரட்டை எப்படி அனுப்புவது, விளக்கக் கடிதத்தில் என்ன எழுதுவது என்று படிப்படியாகச் சொன்னார். முடிவில் மனைவியிடம் ஒரு விசயம் சொன்னார். "வீடு உங்கடை எண்டபடியால் அம்மா, முன்னறைக்குச் சேர் உங்களுக்கு வாடகை தரலாம். ஒப்பந்தம் எழுதி, வங்கியாலை குடுத்தால் அவர் அதைத் தொழில் செலவிலை காட்டிப் பாக்கலாம். உங்கடை பேரிலையும் ஒரு வருமானம் இருக்கும்."

"கேட்டியளே?" என்றாள் மனைவி என்னிடம். கந்தோருக்குள் அவள் சொன்னது அவ்வளவுதான்.

மிச்சத்தைப் பஸ்ஸில் சொன்னாள். ஜன்னல் பக்கம் அவள், வழிப்பக்கம் நான். முன் இருக்கையில் இருந்த பெண் ஒருவர் கதையைக் கேட்டுக்கொண்டே வந்தார்.

"இஞ்சருங்கோ, ஒண்டு கேக்கிறன். வீடு உங்கடை எண்டால் நான் ஆர்? வாடகைக்கோ இருந்தனான்?"

நான் பயணச்சீட்டை மடித்தேன்.

"இவ்வளவு காலமும் வாடகை கேக்காமல் விட்டதுக்கு நன்றி, ஐயா."

முன்னாலிருந்த பெண் சிரிப்பை அடக்குவது தோளில் தெரிந்தது. மனைவி அதைக் கவனிக்கவில்லை. குரலைத் தணித்தாள்.

"வீட்டைப் போட்டதை நான் சொல்லேல்லை. அதைக் கேட்டால் நான் சிரிச்சுப்போட்டு விட்டிருப்பன். இவ்வளவு நாளும் உள்ளுக்குப் போகாமல், போனதெண்டு எனக்குச் சொல்லியிருக்கிறியள். அங்கை பிள்ளைக்கு நாள் போகுது. அதுதான் எனக்குப் பொறுக்கேல்லை."

"ஓம். நான் செய்தது பிழை."

"பிழை எண்டு எனக்குத் தெரியும். நீங்கள் சொல்லத் தேவையில்லை."

வீட்டுக்கு வந்து அன்றே எல்லாவற்றையும் செய்து முடித்தேன். செய்யத் தொடங்கினால் நான் கெதியாகச் செய்கிறவன். திருத்திய விவரத்திரட்டை அனுப்பினேன். விசா அதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதினேன். இந்த வீடு என் மனைவியுடையது, ஒருபோதும் என்னுடையதாக இருந்ததில்லை, உண்மை தெரிந்திருந்தும் நான் அதை என்னுடையதென்று எழுதினேன், இதில் வேறு எவருக்கும் பங்கில்லை. வாழ்நாளில் நான் எழுதிய ஆங்கிலத்தில் அதுதான் மிக நல்ல ஆங்கிலம். வாடகை ஒப்பந்தத்தையும் எழுதினேன். நான் போட்ட தொகையைப் பார்த்துவிட்டு மனைவி பேனையால் வெட்டினாள். "கோப்பாய்ச் சந்தியிலை அறை என்ன விலை போகுது எண்டு எனக்குத் தெரியும்," என்று கூட்டி எழுதினாள். நான் கையெழுத்து வைத்தேன். தேவாலய நண்பர்கள் இருவரின் வீட்டுக்கும் போய், என் பேச்சைக் கேட்டு வீட்டைப் போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள் என்றேன். ஒருவர் போட்டிருந்தார். அவர் மனைவி எனக்கு அன்று தேத்தண்ணி தரவில்லை.

புதிய விண்ணப்பம் போன பிறகு காத்திருந்தோம். விசா வருவதற்கு முன் பிள்ளை வந்துவிட்டது. சொன்ன நாளுக்கு முந்தி, சத்திரசிகிச்சை செய்து எடுத்தார்கள். மருமகன் ஆஸ்பத்திரி நடைபாதையிலிருந்து கூப்பிட்டு, பெண் பிள்ளை, இருவரும் சுகம் என்றான். மனைவி முழங்காலில் நின்று செபம் பண்ணினாள். எழும்பிய பிறகு குசினிக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். நான் அந்தக் கதவைத் தட்டவில்லை.

விசா வந்தது. ஆனால் பிள்ளை தலை நிமிர்த்திப் பார்க்கத் தொடங்கிய பிறகு வந்தது. முதலில் இடித்த சரக்கு மணம் போய்விட்டதென்று மனைவி அதைக் கொட்டிவிட்டுப் புதிதாக இடித்தாள். உதவிக்குப் போனேன், உலக்கையைத் தந்தாள். விமான நிலையத்துக்கு வான் வந்து நின்றபோது, ஏறுவதற்கு முன் என்னைப் பார்த்துச் சொன்னாள்:

"கந்தோர்ப் பெட்டைதான் பிழை விட்டதெண்டு மகள் இன்னும் நினைச்சுக்கொண்டிருக்கிறாள். நான் ஒண்டும் சொல்லமாட்டன். அது உங்கடை வேலை."

அவள் போய்ச் சேர்ந்த அடுத்த நாள் நான் மகளைக் கூப்பிட்டேன். தாய் வந்துவிட்டாள் என்ற சந்தோசத்தில் அவள் குரலே வேறாக இருந்தது. முதல் நாட்களில் மருமகன் காணொளி பார்த்து நொச்சி என்று நினைத்து ஏதோ ஒரு இலையை அவித்ததையும், கடையில் வாங்கிய சரக்குத்தூளில் ஒரு கறி வைத்து இருவரும் வாய் எரிந்து ஓடியதையும் சொல்லிச் சிரித்தாள். சிரித்து முடியும் வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.

"பிள்ளை, ஒண்டு சொல்லவேணும். வீட்டை என்ரை எண்டு எழுதினது நான். கந்தோரிலை ஒருத்தரும் பிழை விடேல்லை. அந்தப் பிள்ளை என்னட்டைக் கேட்டுமிருந்தவள். பிறகும் உங்களுக்குப் பொய் சொல்லி, போய்த் திருத்தாமல் நாளைக் கடத்தினனான். இல்லாட்டி அம்மா நேரத்துக்கு வந்திருப்பா."

அங்கே குழந்தை முனகியது. மகள் அதைத் தோளில் மாற்றுவது கேட்டது.

"ஆஸ்பத்திரியாலை வீட்டை வந்த முதல் கிழமை, அப்பா," என்றாள், "எழும்பேலாமல், இவள் அழ அழ, நான் அந்தப் பெட்டையைத்தான் திட்டிக்கொண்டு கிடந்தனான். பேரும் தெரியாது, முகமும் தெரியாது. நாசமாய்ப் போக எண்டு திட்டினனான்."

"ஓம் பிள்ளை."

"பாவம் அவள்."

பின்னால் மனைவியின் குரல் கேட்டது. தண்ணீர் ஆறுகிறது, குளிக்க வா என்றாள். "அம்மா கூப்பிடுறா. வைக்கிறன் அப்பா," என்று மகள் வைத்துவிட்டாள்.

மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. அடுத்த நாளும் அதே நேரத்துக்குக் கூப்பிட்டேன். எடுத்தாள்.